குப்பிக்குள் இருக்கிற ஆக்கள்

எங்கட வாசிப்பு வட்டத்தில் விஞ்ஞான பீடத்து நண்பி ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் கன்ரீனில் கதைத்துக்கொண்டு இருக்கும்போது தன்ர போனை எடுத்துக் காட்டினாள். ஆய்வுக்கூடங்களுக்குப் பொருள் விற்கிற ஒரு கம்பனியின் பட்டியல் அது. அதில் ஒரு வரி: லென்டிவைரல் துகள்கள், இன்ன மனிதப் பரம்பரையலகு, முனையில் டேக் இணைக்கப்பட்டது. பக்கத்தில் டொலரில் விலை. "இதில உங்கட ஹிஸ்ரிக்காரருக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் வரலாறும் தமிழும் படிக்கிற ஆக்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கொஞ்சம் சுட்டது என்பது உண்மை. பிறகு நாலு பேர் சேர்ந்து ஒரு மாதமாகத் தேடித் தேடி வாசித்தோம். உயிரியலில் விளங்காத இடங்களை அவளே விளங்கப்படுத்தினாள். இப்போது எங்களுடைய முடிவு இதுதான்: அந்த ஒரு வரிக்குள் வரலாற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் இருக்கிற மனிதருக்குப் பெயர் இல்லை. மூன்று எழுத்து இருக்கிறது, ஓர் இலக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்த வரிக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறோம். பரம்பரையலகு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான எழுத்துத் தொடர். அந்தப் புரதம் கலத்துக்குள் எங்கே போகிறது, எதோடு ஒட்டுகிறது, அளவு கூடினால் என்ன நடக்கும் என்று அறிய விரும்பும் ஆய்வாளர், அந்தப் பரம்பரையலகைத் தான் வளர்க்கும் கலங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு இன்னொரு பிரச்சினை. கலத்துக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அதற்குள் தான் அனுப்பியது எது? அதற்காகப் புரதத்தின் முனையில் ஒரு சின்ன வாலை ஒட்டிவிடுகிறார்கள். அதுதான் டேக். ஸ்கூல் ஹொஸ்டலில் உடுப்புக்கு இலக்கம் தைத்து விடுவார்களே, அந்த மாதிரி. 1988இல் ஓர் அமெரிக்கக் கம்பனி வெளியிட்ட டேக் வெறும் 8 அமினோ அமிலம்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு ஆங்கிலத்தில் கொடி என்று அர்த்தம். அந்தக் கொடியை மட்டும் பிடிக்கிற பிறபொருளெதிரியை ஊற்றினால் புரதம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பரம்பரையலகை உள்ளே ஏற்றிச் செல்லும் வாகனம்தான் லென்டிவைரல் துகள். அந்த வாகனம் எச்.ஐ.வி வைரஸை உடைத்துச் செய்தது.

இதைக் கேட்டவுடன் எங்களில் ஒருத்தி "எயிட்ஸ் வைரஸையா போஸ்டில அனுப்புறாங்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முதல் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும்.

1933இல் ஐஸ்லாந்து அரசாங்கம் ஜேர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து கராகுல் இன ஆடுகள் 20ஐ இறக்குமதி செய்தது. வடிவான சுருள் மயிர் ஆடுகள். தனியாக ஒதுக்கி வைத்துப் பார்த்தார்கள், நோய் எதுவும் தெரியவில்லை. நாடு முழுக்கப் பகிர்ந்து கொடுத்தார்கள். வருடங்கள் போன பிறகுதான் உள்ளூர் ஆடுகள் மூச்சு வாங்கவும் கால் இழுபடவும் மெலிந்து சாகவும் தொடங்கின. கடைசியில் இலட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்றுதான் நோயை ஒழித்தார்கள். ப்யோர்ன் சிகுர்ட்சன் என்ற ஐஸ்லாந்து ஆய்வாளர், தொற்றிப் பல மாதங்கள், வருடங்கள் கழித்தே முகம் காட்டும் இந்த வகைக்கு 1954இல் மெதுவான தொற்று என்று பெயர் வைத்தார். லத்தீனில் மெதுவுக்குச் சொல் லென்டுஸ். லென்டிவைரஸ் அங்கிருந்துதான் வந்தது. சிகுர்ட்சன் 1959இலேயே இறந்துவிட்டார். தான் ஆட்டில் கண்ட அந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர் மனிதரிடம் வரும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

1981 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸில் 5 இளைஞர்களுக்கு அபூர்வமான நியூமோனியா என்று ஒரு சிறு குறிப்பு அமெரிக்கச் சுகாதார வாராந்த அறிக்கையில் வந்தது. 5 பேரும் தன்பாலீர்ப்பாளர்கள். அடுத்து வந்த வருடங்களில் அந்த நோயைச் சுற்றி எழுந்த வெறுப்பு தனிக்கட்டுரைக்கு உரியது. இங்கே எங்களுக்கு வேண்டியது 1983 ஜனவரி. பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் இளைஞரின் கழுத்து நிணநீர்க் கணுவிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பாஸ்டர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பிரான்சுவாஸ் பாரே சினூசி என்ற ஆய்வாளர் அதை வளர்த்துக் கவனித்தார். ஆர்.என்.ஏயைப் பார்த்து டி.என்.ஏ எழுதுகிற நொதியம் அதில் வேலை செய்துகொண்டிருந்தது. ரெட்ரோவைரஸ் குடும்பத்தின் அடையாளம் அந்த நொதியம்தான். மே மாதமே கட்டுரை வெளிவந்தது. அந்த இளைஞரின் பெயரின் முதல் மூன்று எழுத்துதான் மாதிரிக்குப் பெயர்: பி, ஆர், யு. அவர் 1988இல் இறந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். பாஸ்டர் நிறுவனம் அந்த வைரஸை அமெரிக்காவில் ரொபேர்ட் கலோவின் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பியது. 1984இல் கலோ தானும் கண்டுபிடித்ததாக அறிவித்தார். யார் முதல் என்ற சண்டை நாடுகளுக்கு இடையிலான சண்டையாகி, இரத்தப் பரிசோதனைக் காப்புரிமைப் பணத்தைப் பங்கிட 1987இல் ரேகனும் சிராக்கும் உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது. 1991இல் உண்மை தெளிந்தபோது இரண்டு பக்கத்துக்கும் அதிர்ச்சி. கலோவின் வைரஸ் பாரிஸிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பி.ஆர்.யு நோயாளியின் வைரஸும் இல்லை! லாய் என்ற மூன்று எழுத்துக் குறிப்பெயர் கொண்ட இன்னொரு நோயாளியின் வேகமாக வளரும் வைரஸ், பாரிஸ் ஆய்வுக்கூடத்திலேயே மற்றப் போத்தலுக்குள் கலந்து, அதை முழுக்கப் பிடித்துக்கொண்டது. உலகத்து ஆய்வுக்கூடங்கள் வருடக்கணக்காகப் படித்த எச்.ஐ.வி பெரும்பாலும் இந்த மனிதரிடமிருந்து வந்த வம்சம். பிறகு வாகனம் செய்யப் பயன்பட்ட எச்.ஐ.வி துண்டுகளில் பலவும் அந்த வம்சம்தான். ஒரு ஜனாதிபதியும் ஒரு பிரதமரும் கையெழுத்துப் போட்ட விவகாரத்தில் அந்த மனிதருக்கு ஒரு வரி கூட இல்லை.

சரி, இந்த வைரஸை வாகனமாக்க வேண்டும் என்று ஏன் ஒருவருக்குத் தோன்றியது?

அதற்கு முதலே ரெட்ரோவைரஸ்களை வாகனமாக ஓட்டிப் பார்த்திருந்தார்கள். 1990இல் அமெரிக்காவில் நிர்ப்பீடனக் குறைபாட்டோடு பிறந்த 4 வயதுச் சிறுமிக்கு எலியின் ரெட்ரோவைரஸில் ஏற்றிய பரம்பரையலகைக் கொடுத்தார்கள். ஆனால் எலி வைரஸுக்கு ஒரு குறை. கலம் பிரியும் நேரத்தில் மட்டும்தான் அது கருவுக்குள் நுழையும். மூளையின் நரம்புக் கலம் பிரிவதே இல்லை, ஆகவே அங்கே அது உதவாது. எச்.ஐ.வி அப்படியில்லை. சும்மா இருக்கிற கலத்தின் கருவுக்குள்ளும் போய், அதன் டி.என்.ஏயில் தன்னை எழுதிவிடும். மனிதரைக் கொல்வதற்கு அது வைத்திருந்த அதே கெட்டித்தனம்தான் ஆய்வாளருக்குத் தேவைப்பட்டது.

1996 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்திலிருந்து லூய்ஜி நல்டினி, இந்தர் வர்மா, டிடியர் ட்ரோனோ முதலானோர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அதைச் செய்து காட்டினார்கள். வளர்ந்த எலிகளின் மூளைக்குள் ஊசி மூலம் செலுத்திய துகள்கள் நரம்புக் கலங்களுக்குள் பரம்பரையலகைச் சேர்த்திருந்தன. அவர்கள் செய்த தந்திரம் வைரஸின் புத்தகத்தைக் கிழித்துத் தனித்தனித் தாளாக்கியது. எச்.ஐ.வியிடம் இருப்பது 9 பரம்பரையலகுதான். ஓடு செய்கிற பகுதி ஒரு டி.என்.ஏ வளையத்தில், கொண்டுபோக வேண்டிய சரக்கு இன்னொன்றில், மேற்சட்டை மூன்றாவதில். அந்த மேற்சட்டையும் எச்.ஐ.வியுடையது அல்ல. அமெரிக்கக் கண்டத்து மாடு, குதிரைகளின் வாயில் கொப்புளம் போடுகிற ஒரு வைரஸிடம் எடுத்தது. அதைப் போட்டால் துகள் ஏறக்குறைய எந்தக் கலத்துக்குள்ளும் போகும். மூன்று வளையத்தையும் ஒரே கலத்துக்குள் விட்டால் துகள்கள் வெளிவரும். ஆனால் அந்தத் துகளுக்குள் ஏறுவது சரக்கு மட்டும்தான். ஓடு செய்கிற குறிப்பு பின்னால் நின்றுவிடும். போன இடத்தில் ஒருமுறை இறக்கும், பிறகு இன்னொரு துகளைப் பெருக்க அதற்கு வழி இல்லை.

துண்டுகள் மீண்டும் ஒன்று சேர்ந்து முழு வைரஸாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. அதனால் 1998இல் இன்னும் கிழித்தார்கள். வளையம் நாலாகியது. 9இல் 3 பரம்பரையலகு மட்டும் மிச்சம். சரக்கின் நுனியில் ஒரு பகுதியை வெட்டி, கலத்துக்குள் போனதும் வைரஸின் சொந்த ஆளி தானே அணைந்துபோகும்படி செய்தார்கள். எங்கட நண்பி காட்டிய வரியில் இருப்பது இந்த வழியில் வந்த பொருள். அதனால் "எயிட்ஸ் வைரஸா?" என்ற கேள்விக்குப் பதில்: இல்லை. ஆனாலும் கையுறை போட்டு, பாதுகாப்பு அறைக்குள் வைத்துத்தான் தொடுவார்கள். தொட்ட கலத்தின் டி.என்.ஏயை அது நிரந்தரமாக மாற்றும் அல்லவா.

வளையங்களை ஒரு கலத்துக்குள் விடுவார்கள் என்று சொன்னோம். அது எந்தக் கலம்? இங்கேதான் எங்கட வட்டத்தில் கதை நின்றது, கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்தக் கலத்துக்குப் பெயர் 293. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1973 அளவில், அலெக்ஸ் வான் டெர் எப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிறக்காத ஒரு சிசுவின் சிறுநீரகக் கலங்கள் இருந்தன. பிராங்க் கிரகம் என்ற இளம் ஆய்வாளர் அவற்றுக்குள் அடினோவைரஸின் டி.என்.ஏ துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தோல்வி. தன் பரிசோதனைகளுக்கு இலக்கம் போடுவது அவருடைய பழக்கம். 293ஆவது பலித்தது. அந்தக் கலங்கள் சாகாமல் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன. பிறகு கலிபோர்னியாவில் அதற்கு இன்னொரு வைரஸ் பரம்பரையலகைச் சேர்த்து உருவாக்கிய வகைதான் உலகம் முழுக்க லென்டிவைரல் துகள் செய்யும் தொழிற்சாலை. டி.என்.ஏயைக் கல்சியம் பொஸ்பேற்றோடு சேர்த்துக் கலத்துக்குள் அனுப்பும் முறையும் இதே இருவர் அதே 1973இல் எழுதியதுதான். மாணவர்கள் இன்றும் துகள் செய்வதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சிசு? வை குரோமோசோம் இல்லாதபடியால் பெண் என்று கருதுகிறார்கள். தாய் யார், கர்ப்பம் ஏன் முடிந்தது என்ற விபரம் காலத்தில் தொலைந்துவிட்டது. 2001இல் அமெரிக்க மருந்து அதிகாரசபையின் குழு முன்னால் வான் டெர் எப் பேசியபோதும், பின்னணி விபரம் இப்போது கையில் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தக் காலத்தில் அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹென்ரியேட்டா லாக்ஸின் கதையாவது இப்போது புத்தகமாகி, படமாகி, குடும்பத்துக்கு ஒரு குரல் கிடைத்திருக்கிறது. இங்கே தேடிப்போகப் பெயரே இல்லை. இதை வைத்துக் கருக்கலைப்புக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எங்களுக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. ஒரு பெண்ணின் முடிவு அவளுடையது. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்வது வேறு விசயம் தானே.

டேக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கொடி டேக் கண்ணுக்குத் தெரியாது. தானே ஒளிரும் டேக் ஒன்று இருக்கிறது: பச்சை ஒளிர் புரதம். 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி நாகசாக்கிக்கு அருகே இசஹாயாவில் தொழிற்சாலை வேலையில் இருந்த 16 வயதுப் பையன் ஒசாமு ஷிமோமுரா, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் நின்றான். கறுப்பு மழையில் நனைந்து வீடு போனவனைப் பாட்டி உடனே குளிப்பாட்டினார். அவரே 1961 கோடையில் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பர் கடற்கரையில் 10,000 அளவில் ஜெலிமீன் பிடித்து, ஓரத்தை வெட்டிப் பிழிந்து, ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பச்சைப் புரதம் அப்போது பக்கத்தில் வந்த பொருள் மட்டும்தான். பிறகு வந்த கோடைகளில் மனைவியும் பிள்ளைகளும் வலையோடு கூட நின்றார்கள். மொத்தம் 8 இலட்சத்து 50 ஆயிரம் அளவில் பிடித்ததாக அவரே கணக்குச் சொன்னார். அந்தப் புரதத்தின் பரம்பரையலகை 1992இல் வாசித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். அவருக்கு ஆராய்ச்சிப் பணம் முடிந்துவிட்டது. தன்னிடம் இருந்த பரம்பரையலகை மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் இருவருக்கும் அனுப்பிவிட்டு வெளியேறினார்.

2008 ஒக்டோபர் 6ஆம் திகதி மருத்துவ நோபல் அறிவிக்கப்பட்டது. எச்.ஐ.விக்காக பாரே சினூசியும் லுக் மொன்டாக்னியேயும் பெற்றார்கள். இரண்டு நாள் கழித்து, 8ஆம் திகதி வேதியியல் நோபல். பச்சைப் புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென். நண்பியின் போனில் இருந்த ஒரு வரியின் இரண்டு பாதிக்கும் ஒரே கிழமையில் நோபல்! அந்தக் கிழமை பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளரை ஏற்றி இறக்கும் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தங்கட செலவில் அவரையும் மனைவியையும் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில வருடம் கழித்துச் சியெனின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது. நல்ல மனிதர்கள். ஆனால் பட்டியலில் மூன்று பெயருக்குத்தான் இடம்.

ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த வாகனம் முதலில் எந்த மனிதரின் உடலுக்குள் போனது என்று பார்த்தோம். 2003இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய பரிசோதனை. 5 பேர். மருந்து வேலை செய்யாமல் போன எச்.ஐ.வி நோயாளிகள்! அவர்களுடைய வெண்குருதிக் கலங்களை வெளியே எடுத்து, எச்.ஐ.வியால் செய்த வாகனத்தில் எச்.ஐ.விக்கு எதிரான சரக்கை ஏற்றிக் கொடுத்தார்கள். நோய் குணமாகவில்லை. ஆனால் வாகனம் ஆளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று 2006இல் எழுதினார்கள். இது சின்ன விசயம் இல்லை. அந்த நேரத்தில் பாரிஸிலும் லண்டனிலும் பழைய எலி வைரஸ் கொண்டு நிர்ப்பீடனக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 5 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. வைரஸ் போய் உட்கார்ந்த இடம் பிழையான இடம். எல்லாரும் பயந்து நின்ற வேளையில், லென்டிவைரஸை நம்பலாம் என்று தங்கட உடம்பால் சொன்னவர்கள் அந்த 5 பேர்.

அவர்கள் திறந்த வழியில் பலர் வந்தார்கள். 2009இல் பாரிஸில் மூளை நோய் வந்த 2 சிறுவர்கள். 2012இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோயில் சாகக் கிடந்து பிழைத்த 6 வயது எமிலி வைட்ஹெட். 2017இல் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தபோது விலை 475,000 டொலர். 2022இல் தலசீமியாவுக்கான லென்டிவைரல் சிகிச்சைக்கு அமெரிக்காவில் போட்ட விலை 28 இலட்சம் டொலர். அதே மருந்தை அதற்கு முதல் ஐரோப்பாவில் விற்கப் பார்த்து, ஜேர்மனி அந்த விலையைக் கொடுக்க மறுத்ததால் கம்பனி அங்கிருந்து விலகியது. ஆபத்தும் முழுக்கப் போகவில்லை. மூளை நோய்ச் சிகிச்சை பெற்ற 67 பிள்ளைகளில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததை 2024இல் அறிவித்தார்கள்.

விலையைப் பார்க்கும்போது எங்களுக்கு 1996தான் திரும்ப ஞாபகம் வந்தது. வாகனம் பிறந்த அதே வருடம்தான் எச்.ஐ.விக்கு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற சிகிச்சையும் வந்தது. பணக்கார நாடுகளில் சாவு மளமளவென்று குறைந்தது. வருடச் செலவு 10,000 டொலருக்கு மேல். ஆபிரிக்காவில் ஆக்கள் செத்துக்கொண்டேயிருந்தார்கள். 2001இல் மும்பையின் சிப்லா கம்பனி அப்படியொரு மூன்று மருந்துச் சேர்க்கையை வருடத்துக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது, அதற்குப் பிறகுதான் நிலைமை மாறியது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் செத்தவர்களுக்கு மருந்து இல்லாமல் இல்லை.

இப்போதும் அதே திசையில் இருந்துதான் ஏதோ அசைகிறது. 2023இல் இந்தியா தன் சொந்த லென்டிவைரல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது, அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு. அது பம்பாய் ஐ.ஐ.டியிலும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியிலும் வளர்ந்தது. பத்தில் ஒன்று என்றாலும் எங்கட அப்பா அம்மாவின் ஆயுள் உழைப்புக்கு அது அகப்படாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 டிசம்பரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. கடுமையான ஹீமோபீலியா உள்ள 5 பேருக்கு லென்டிவைரஸ் மூலம் உறைதல் காரணியின் பரம்பரையலகைக் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு கவனித்த காலத்தில் 5 பேருக்கும் இரத்தக்கசிவு இல்லை. திரும்பவும் 5 பேர், திரும்பவும் அந்தக் கட்டுரையில் அவர்கள் வெறும் இலக்கங்கள். இந்த இடத்தில் பெயரை மறைப்பது அவர்களுடைய பாதுகாப்புக்கு என்பது எங்களுக்கு விளங்குகிறது. பி.ஆர்.யு, லாய், 293 எல்லாம் வேறு வகை மறைப்பு.

குருநாகலில் தலசீமியாப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வருகிறார்கள். 28 இலட்சம் டொலர் மருந்து அவர்களுடைய நோய்க்குத்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்து நண்பியிடம் வாசிக்கக் கொடுத்தோம். இரண்டு இடத்தில் உயிரியல் பிழை பிடித்தாள், திருத்திவிட்டோம். 293 பற்றிய பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள். தான் இரண்டு வருடமாக ஒவ்வொரு கிழமையும் அந்தக் கலத்துக்குச் சாப்பாடு மாத்துறதாகவும், அது ஏன் 293 என்று ஒருநாளும் கேட்டதில்லை என்றும் சொன்னாள். அந்தக் குப்பி இன்னும் ஓடர் பண்ணவில்லை. உலர்பனிக்கட்டியில் வர வேண்டும், வந்தால் மறை 80 பாகையில் வைக்க வேண்டும், அதற்கு முதல் டொலர் வேண்டும். கடிதம் கொடுத்து மூன்று கிழமையாகுது.